மெட்டாபோஸ்ட்: ஒரே டயல், மீட்டருக்கு மீட்டர் வேறு கோடுகள்

பழைய அனலாக் மீட்டர்களைச் சரிசெய்வது என் வேலை. அம்மீட்டர், வோல்ட்மீட்டர், ஓம்மீட்டர், எப்போதாவது ஒரு பிரஷர் கேஜ். உள்ளே சுருளையோ ஸ்பிரிங்கையோ மாற்றிவிட்டால் முள் பழைய இடத்தில் நிற்காது. பழைய டயல் அதற்குப் பிறகு பொய்தான் சொல்லும். புது டயல் அச்சடித்து ஒட்டியாக வேண்டும். பார்வைக்கு எல்லா டயலும் ஒரே ஜாடை: ஒரு வில், அதன்மேல் வரிசையாகச் சின்னக் கோடுகள், ஐந்தாவது கோடு கொஞ்சம் நீளம், பத்தாவது இன்னும் நீளம், அதன் தலையில் ஓர் எண். ஆனால் இரண்டு மீட்டரை அருகருகே வைத்தால் கோடுகள் ஒரே கோணத்தில் விழுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் காலிப்ரேஷன் அட்டவணை, அதாவது எந்த அளவுக்கு முள் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்ற கணக்கு.

இந்த மாதிரி வேலைக்கு வார்ப்புருக் கருவிகள் நிறைய இருக்கின்றன. ஒரு எஸ்விஜி (கோடுகளை ஆயத்தொலைவுகளாக எழுதி வைக்கும் வகை) படத்தை வைத்துக்கொண்டு, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த தரவு) கோப்பிலிருந்து பெயரையும் எண்ணையும் எடுத்து நிரப்பி, அடையாள அட்டைகளையும் பரிசுச் சான்றிதழ்களையும் கொட்டிவிடும். அவை மாற்றுவது எழுத்தை மட்டும். எனக்கு எழுத்து அப்படியே இருந்தாலும் பரவாயில்லை, கோடு நகர வேண்டும். வரைபட நிரல்களோ அச்சு, கட்டம், குறிவிளக்கம் என்று தங்கள் சட்டத்துக்குள் நம்மை உட்காரவைத்துவிடும். நுப்ளாட் அருமையான நிரல்தான். ஆனால் வட்ட டயல் வரைவதென்றால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். கடைசியில் நான் நிலைத்தது படம் வரைவதற்கான நிரல்மொழியான மெட்டாபோஸ்டில். அதைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. புகழ்ச்சி பாதி, புலம்பல் பாதி.

மெட்டாபோஸ்ட் புதிய சரக்கு இல்லை. டொனால்ட் கனூத் எழுத்துரு வடிவமைக்க உருவாக்கிய மெட்டாஃபாண்ட் மொழியை எடுத்து, ஏடி அண்ட் டி பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் ஹாபி படம் வரைவதற்காகத் திருத்தி எழுதியது. மெட்டாஃபாண்ட் புள்ளிக் கட்டங்களாக எழுத்துகளைத் தரும். மெட்டாபோஸ்ட் போஸ்ட்ஸ்கிரிப்ட் (அச்சுப்பொறிக்குப் பக்கத்தை விவரிக்கும் மொழி) தரும். எஸ்விஜி வெளியீடு பிற்பாடு சேர்ந்தது. கனூத் தன் புத்தகங்களின் படங்களுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார். கனூத்தின் டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலைச் சுமந்து வரும் டெக் லைவ் தொகுப்பை நிறுவியிருந்தால் இது ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கும். முனையத்தில் எம்போஸ்ட் (mpost) என்று தட்டிப் பாருங்கள். வேறு எதற்கும் டெக் வேண்டாம் என்பவர்களுக்கு இதற்காக மட்டும் அத்தனை பெரிய மூட்டையை இறக்குவது கொஞ்சம் அதிகம்தான்.

இனி வேலைக்கு வருவோம்.

நகரும் இரும்பு வகை அம்மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முள்ளைத் திருப்பும் விசை மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் போகும். 5 ஆம்பியர் முழு அளவு, வில் 90 பாகை என்றால், கணக்குப்படி 1 ஆம்பியர் 3.6 பாகையில் விழும், 2 ஆம்பியர் 14.4-ல், 3 ஆம்பியர் 32.4-ல், 4 ஆம்பியர் 57.6-ல். கோடுகள் தொடக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், கடைசியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். மெட்டாபோஸ்டில் இது ஒரு சுற்று (லூப்), அவ்வளவுதான். எண்ணை எடு, கோணம் கணக்கிடு, நேராக ஒரு சின்னக் கோடு வரை, அதை அந்தக் கோணத்துக்குச் சுழற்று. கோணம் எல்லாமே பாகையில்தான், ரேடியனுக்கு மாற்றி மாற்றி மூளை சூடாக வேண்டாம். மேலே போகப்போக ஒய் கூடும், பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியே. எஸ்விஜியில் அது தலைகீழ். கையால் எஸ்விஜி எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த நிம்மதி புரியும்.

வில்லின் ஆரம் 60 மில்லிமீட்டர் என்று வையுங்கள். முதல் ஆம்பியருக்குக் கிடைக்கும் இடம் 3.8 மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. அதற்குள் பத்துப் பிரிவு போட்டால் 0.1 ஆம்பியர் கோடு சுழியிலிருந்து 0.04 மில்லிமீட்டர் தூரத்தில் வந்து நிற்கும். கோடே அதைவிடத் தடிமன். ஆகவே சுற்றுக்குள் ஒரு நிபந்தனை: முந்தைய கோட்டுக்கும் இதற்கும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இதை விட்டுவிடு. பெரிய கோடானால் எப்படியும் வரை. கடையில் வாங்கும் மீட்டர்களில் சுழிக்கு அருகே வெறும் வெளியாக இருக்குமே, அது தானாகவே வந்துவிடுகிறது. வார்ப்புருக் கருவியிடம் இதைக் கேட்டால் விழிக்கும்.

ஓம்மீட்டர் இன்னும் சுவையானது. அதில் சுழி வலது ஓரத்தில், முடிவிலி இடது ஓரத்தில். பாதி அளவில் நிற்கும் மின்தடை மீட்டரின் உள்தடைக்குச் சமம். உள்தடை 20 ஓம் என்றால் 20 நட்டநடுவில், 60 கால்பங்கில், 180 பத்தில் ஒரு பங்கில். சீரான படி போட்டுச் சுற்ற முடியாது. 1, 2, 5, 10, 20, 50, 100, 200, 500 என்று நாமே பொறுக்கிக் கொடுக்க வேண்டும். மெட்டாபோஸ்டின் சுற்று இப்படி ஒரு பட்டியலையும் அப்படியே வாங்கிக்கொள்ளும், சீரான படியையும் வாங்கிக்கொள்ளும். சின்ன விஷயம்தான், ஆனாலும் தினமும் கைகொடுக்கிறது.

சூத்திரப்படி நடக்கும் மீட்டர் என்பது பாடப்புத்தகத்தில்தான். மேசைக்கு வரும் மீட்டர்களில் இரும்புத் துண்டின் வடிவத்தையே மாற்றிக் கோடுகளைச் சீராக்க முயன்றிருப்பார்கள். ஸ்பிரிங் வயதாகித் தளர்ந்திருக்கும். ஆகவே நான் தெரிந்த மின்னோட்டங்களை ஓட்டி, முள் நிற்கும் கோணத்தைக் குறித்துக்கொள்வேன். கைக்கு வருவது ஒரு பிடிப் புள்ளிகள். நடுவில் இருக்கும் கோடுகள் எங்கே? இந்த இடத்தில்தான் மெட்டாபோஸ்ட் மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டுகிறது.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இரண்டு கழித்தல் குறி வைத்தால் நேர்கோடு. இரண்டு முற்றுப்புள்ளி வைத்தால் வளைவு. அந்த வளைவை எப்படிப் போடுவது என்பதற்கு ஹாபி 1986-இல் வெளியிட்ட கணக்குமுறை உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் எந்தத் திசையில் நுழைந்து எந்தத் திசையில் வெளியேறினால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று அதுவே முடிவு செய்யும். கை தேர்ந்த ஓவியர் இழுத்த கோடு மாதிரி இருக்கும். நான் செய்வது இதுதான்: மின்னோட்டம் கிடையில், கோணம் செங்குத்தில் என்று அளந்த புள்ளிகளை வைத்து, அவற்றினூடே வளைவு போடுவேன். அந்த வளைவு அச்சுக்குப் போகாது, கணக்குக்கு மட்டும். பிறகு 0.7 ஆம்பியர் வேண்டுமா, 0.7-இல் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அது வளைவை வெட்டும் இடத்தைக் கேட்டால் போதும். வெட்டும் புள்ளியைத் தரும் கட்டளை மொழியிலேயே இருக்கிறது. அதன் ஒய் மதிப்புதான் கோணம். இடைக்கணிப்புக்குத் தனி நூலகம் தேவையில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும், கையேட்டில் இதை யாரும் தடித்த எழுத்தில் போட்டு வைக்கவில்லை. ஹாபியின் வளைவு படத்தின் வடிவத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது. கிடையில் 0 முதல் 5, செங்குத்தில் 0 முதல் 90 என்று விட்டால் படம் கிட்டத்தட்டச் செங்குத்துச் சுவராக நிற்கும், வளைவும் அதற்கேற்ப வரும். அதே தரவை இரண்டு பக்கமும் 0 முதல் 100-க்கு நீட்டினால் நடுக்கோடுகள் வேறு இடத்தில் விழும். ஒரு அச்சை மட்டும் நீட்டினால் விடை மாறக்கூடாது என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது அதிர்ச்சி. அதனால் இரண்டு அச்சையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே வளைவு போடுவது என் வழக்கம். இன்னொன்று, தரவில் ஒரு புள்ளி கொஞ்சம் பிசகியிருந்தால் வளைவு நெளியும். நெளிந்தால் கோடுகள் முன்னும் பின்னும் தாவும். இரண்டு முற்றுப்புள்ளிக்குப் பதில் மூன்று வைத்தால் வளைவு தேவையில்லாமல் திமிறாமல் அடக்கமாகப் போகும். காலிப்ரேஷன் வேலைக்கு மூன்று புள்ளிதான் பத்திரம்.

சமன்பாடுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் மெட்டாபோஸ்டைப் பற்றிப் பேசியதாகவே ஆகாது. இதில் சமக்குறி என்றால் நிஜமாகவே சமக்குறிதான். மாறியில் மதிப்பைத் தூக்கி வைக்க வேண்டுமென்றால் சமக்குறிக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி சேர்க்க வேண்டும். டயல் தட்டின் உயரம் 72 மில்லிமீட்டர், மேலே விடும் இடமும் கீழே விடும் இடமும் சமம், நடுவில் வில்லின் பட்டை 30, அலகு எழுதும் பட்டை 12, இரண்டுக்கும் நடுவே மேலே விட்டதில் பாதி. இவ்வளவையும் எந்த வரிசையில் எழுதினாலும் சரி, மேலே எவ்வளவு என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். 12 மில்லிமீட்டர். நான் எழுதுகோலைத் தொடவில்லை. நேரியல் சமன்பாடுகள் மட்டும்தான் தீர்க்கும், இருமடி வந்தால் கைவிரித்துவிடும். தட்டு அமைப்புக்கு நேரியலே போதும்.

அளவுகள் முரண்பட்டால்? மூன்று பட்டைகளைக் கூட்டினால் 69 வருகிறது, தட்டோ 72 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு கருவிகள் ஏதோ ஒரு பக்கம் 3 மில்லிமீட்டரை விழுங்கிவிட்டு அழகாகப் படத்தைத் தரும். மெட்டாபோஸ்ட் நின்றுவிடும், சமன்பாடு ஒத்துப்போகவில்லை, இவ்வளவு தள்ளியிருக்கிறது என்று எண்ணோடு சொல்லும். அந்த எண் 3 இல்லை, எட்டரைச் சொச்சம். ஏனென்றால் அதன் உள் அலகு அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு, ஒரு மில்லிமீட்டருக்கு அதில் 2.83464. இதை ஒரு தடவை மனதில் பதித்துக்கொண்டால் பிழைச்செய்தியைப் பார்த்தவுடன் எந்தப் பட்டை தகராறு என்று பிடிபட்டுவிடும். நூற்றுக்கணக்கில் தட்டு அச்சடிக்கும் வேலையில் இப்படி வாயைத் திறந்து மறுக்கும் கருவி பெரிய சொத்து.

புகழ்ச்சி போதும்.

முதல் தலைவலி எண்கள். வழக்கமான அமைப்பில் மெட்டாபோஸ்ட் எல்லா எண்ணையும் 65536-இல் இத்தனை பங்கு என்று வைத்துக்கொள்கிறது. 0.1 அதில் சரியாக அடங்காது, 6554 பங்காக உருண்டுவிடும், அதாவது இம்மியளவு கூடுதல். சுழியிலிருந்து 1 வரை 0.1 படியில் சுற்று என்றால் பத்தாவது படியில் 65540 வரும். அது 65536-ஐத் தாண்டிவிட்டது. சுற்று முடிந்ததாக நினைத்து நிறுத்திக்கொள்ளும். விளைவு, டயலில் எல்லாக் கோடும் இருக்கும், கடைசிக் கோடு மட்டும் இருக்காது. முழு அளவுக் கோடே இல்லாத மீட்டர்! பிழைச்செய்தி எதுவும் வராது. அதே சுற்றில் மூன்றாவது படியின் எண்ணை எழுத்தாக்கி அச்சிட்டால் 0.3 வராது, 0.30002 வரும். வழி எளியதுதான்: முழு எண்ணில் சுற்றி, உள்ளே பத்தால் வகுக்க வேண்டும். அப்போது 0.3 ஒழுங்காக 0.3 என்றே விழும். டயல், ஸ்கேல், அளவுகோல் வரையப் போகிறவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்ளட்டும்.

4096-க்கு மேல் போகும் எண்களுக்கும் முணுமுணுக்கும். நீளத்துக்கு இது பிரச்சினையே இல்லை, 4096 அலகு என்றால் ஏறத்தாழ 1.44 மீட்டர். தரவில்தான் இடிக்கும். 6000 கிலோபாஸ்கல் பிரஷர் கேஜ் வந்தால் அந்த 6000-ஐ உள்ளே விடும்போதே தகராறு. கட்டளை வரியில் எண்முறையை இரட்டைத் துல்லியத்துக்கு மாற்றச் சொல்லலாம், புதிய பதிப்புகளில் அந்த வசதி இருக்கிறது. பதின்ம எண்முறையும் உண்டு. அதில் 0.1 உண்மையிலேயே 0.1. கொஞ்சம் மெதுவாகும், டயல் வேலைக்குத் தெரியாது.

அடுத்தது கோட்டின் முனை. சொல்லாமல் விட்டால் எல்லாக் கோட்டுக்கும் முனை உருண்டையாகத்தான் வரும். பேனாவின் அகலத்தில் பாதி ஒவ்வொரு முனையிலும் வெளியே நீளும். 0.4 மில்லிமீட்டர் பேனாவில் 5 மில்லிமீட்டர் கோடு வரைந்தால் தாளில் 5.4. வில்லை உள்ளிருந்து தொட்டு நிற்க வேண்டிய கோடுகள் வில்லைத் தாண்டி எட்டிப்பார்க்கும். தடித்த கோடு அதிகமாக, மெல்லிய கோடு குறைவாக. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பிசிறு மாதிரி தெரியும், என்ன என்று புரியாது. முனையை வெட்டுமுனையாக்க ஒரே வரி போதும். அந்த வரியை எல்லாக் கோப்பின் தலையிலும் வைத்திருக்கிறேன்.

எஸ்விஜி அளவில் ஒரு கண்ணிவெடி. மெட்டாபோஸ்ட் தரும் எஸ்விஜியின் அகலமும் உயரமும் வெறும் எண்கள், பக்கத்தில் அலகு இருக்காது. அந்த எண்கள் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு என்ற கணக்கு. அலகில்லாத எண்ணைப் பார்த்தால் உலாவிகளும் பல வரைகலை நிரல்களும் அதை அங்குலத்தில் 96-இல் ஒரு பங்காக எடுத்துக்கொள்ளும். 100 மில்லிமீட்டர் டயல் 75 மில்லிமீட்டராகச் சுருங்கி வரும். திரையில் பார்க்கும்போது எதுவும் தெரியாது, தாளில் ஸ்கேலை வைத்தால்தான் தெரியும். வந்த கோப்பில் அந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் பிடி (pt) என்ற அலகை, கோப்பில் எழுத்தை மாற்றும் செட் (sed) கட்டளையால் ஒட்டிவிடுங்கள். எஸ்விஜியின் பிடி சரியாக 72-இல் ஒரு பங்குதான். டெக்கின் பிடியோ 72.27-இல் ஒரு பங்கு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லேசர் வெட்டும் கடைக்கு அனுப்புபவர்கள் இதைச் செய்யாமல் அனுப்பவே கூடாது.

தரவைப் படிப்பது மெட்டாபோஸ்டின் மிகப் பலவீனமான இடம். ஒரு கோப்பிலிருந்து ஒரு வரியைப் படிக்கும், அது ஒரு சரமாக (வெறும் எழுத்துத் தொடராக) வரும், அத்தோடு சரி. காற்புள்ளியில் உடைப்பது, மேற்கோள் குறியைக் கழற்றுவது எல்லாம் நம் தலையில். வரைபடங்களுக்கென்று கூடவே வரும் தொகுப்பில் இடைவெளியால் பிரித்த நெடுவரிசைகளைப் படிக்கும் மேக்ரோ (பெயர் சூட்டிய கட்டளைத் தொகுதி) ஒன்று இருக்கிறது, அதற்குக் காற்புள்ளி ஆகாது. ஒரு குறுக்குவழி உண்டு: சரத்தை நிரலாகவே வாசிக்கச் சொல்லும் கட்டளை. வரியில் 2 காற்புள்ளி 14.4 என்று இருந்தால், முன்னால் நம் மேக்ரோவின் பெயரும் அடைப்பும் ஒட்டி, பின்னால் அடைப்பை மூடி, அதை நிரலாக ஓட்டிவிடலாம். காற்புள்ளி மேக்ரோவுக்கான பிரிப்பானாக மாறிவிடும். பார்க்கச் சாமர்த்தியமாக இருக்கும். ஆனால் தரவில் யாராவது ஏடாகூடமாக எழுதியிருந்தால் அதையும் நிரலாகவே ஓட்டும்.

நான் அந்த வழியில் போவதில்லை. உரையை வரிவரியாகப் பிரித்து மாற்றும் ஆக் (awk) நிரலிடம் சிஎஸ்வியைக் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் ஒரு மேக்ரோ அழைப்பாக எழுதித் தரச் சொல்வேன். அந்தக் கோப்பை மெட்டாபோஸ்ட் உள்ளே இழுத்துக்கொள்ளும். தரவு ஆக்கின் பொறுப்பு, வடிவம் மெட்டாபோஸ்டின் பொறுப்பு. இடையில் இருக்கும் கோப்பைக் கண்ணால் படித்தும் சரிபார்க்கலாம். எந்த மீட்டரில் எந்தக் கோணம் தப்பாக ஏறியிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒரே ஓட்டத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் தரும். கோப்பின் பெயரில் படத்தின் எண்ணைச் சுழிகளோடு நிரப்பி எழுதவும் வழி இருக்கிறது, அதனால் பட்டியலில் 2-க்கு முன்னால் 10 வந்து குட்டை குழப்பாது. வேகத்தைப் பற்றி எழுத எதுவும் இல்லை. ஒரு கட்டு மீட்டருக்கும் சேர்த்து ஓடவிட்டு நிமிர்வதற்குள் முடிந்திருக்கும்.

எழுத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. டெக் எழுத்தைப் படத்துக்குள் வைக்க ஒரு வசதி உண்டு, அழகாக வரும். ஆனால் அந்த எழுத்தை மெட்டாபோஸ்ட் முன்கூட்டியே தனியாக அள்ளிக்கொண்டு போய் டெக்கிடம் கொடுத்துவிடுகிறது. சுற்றுக்குள் இருக்கும் மாறியின் பெயரை அதில் எழுதினால், மதிப்பு வராது, பெயரே அச்சாகும். எல்லா டயலிலும் ஒரே எழுத்து. மாறியின் மதிப்பைச் சரமாக்கிக் கொடுக்கும் வேறு மேக்ரோக்களைப் பயன்படுத்த வேண்டும். எண்களுக்கு மட்டும் என்றால் டெக் இல்லாமலே சாதாரண எழுத்துருவில் போட்டுவிடலாம்.

அலகைத் தமிழில் போட ஆசைப்பட்டால் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான். மெட்டாபோஸ்ட் நேரடியாகக் கையாளும் எழுத்துரு 256 இடம் கொண்டது. ஓர் இடம், ஓர் உரு. எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ‘வோல்ட்’ என்று கொடுத்தால் முதல் எழுத்துக்கே ஆறு பைட்டை ஆறு தனி உருவாக எடுத்துக்கொண்டு கண்டபடி கொட்டும். பைட் சிக்கல் தீர்ந்தாலும் ‘வோ’ வராது. வகரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று பிரித்துப் போட ஒரு வடிவமைப்பு எந்திரம் வேண்டும், இதில் அது கிடையாது. ‘ஓம்’ என்பதற்கு இந்த வம்பு இல்லை என்பது ஓம்மீட்டர்காரர்களுக்கு மட்டும் ஆறுதல்.

இரண்டு வழி இருக்கிறது. மெட்டாபோஸ்டை நூலகமாக மாற்றி, டெக்கின் புதிய வடிவமான லுவாடெக்குக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஓடும் லுவாலேடெக்கில் லுவாஎம்பிலிப் தொகுப்பைச் சேர்த்து, அதற்குள் மெட்டாபோஸ்ட் எழுதினால், எழுத்தெல்லாம் லுவாலேடெக் வழியாகப் போகும். டெக் லைவ் 2020 முதல் லுவாலேடெக்குக்குள் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு எந்திரம் இருப்பதால், எழுத்துருவை அழைக்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் குறையில்லாமல் அமையும். கிடைப்பது பிடிஎஃப், எஸ்விஜி வேண்டுமென்றால் பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். மீட்டர் முகப்பில் நாலு வரி தமிழ் இருந்தால் நான் போவது இந்த வழிதான். ஒரே ஒரு சொல் என்றால் இவ்வளவு சுற்று எதற்கு? எழுத்தை வளைவாக மாற்றாமல் எழுத்தாகவே விடும்படி வைத்து, அலகு வர வேண்டிய இடத்தில் ஒரு அடையாளச் சொல்லைப் போட்டு, எஸ்விஜி வந்த பிறகு அந்தச் சொல்லையும் எழுத்துருவின் பெயரையும் செட் கட்டளையால் மாற்றிவிடலாம். உலாவிக்குத் தமிழ் அடுக்கத் தெரியும். ஒரே சிக்கல், மெட்டாபோஸ்ட் அடையாளச் சொல்லின் அகலத்தை வைத்து நடுவைக் கணக்கிட்டிருக்கும், ‘ஆம்பியர்’ வந்தவுடன் ஒரு பக்கம் சாயும். அந்த எழுத்தின் நங்கூரத்தை நடுவுக்கு மாற்றி, ஆயத்தொலைவையும் டயலின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அசிங்கமான ஒட்டுவேலைதான், வேலை நடக்கிறது.

பிழைச்செய்திகள் கனூத் பரம்பரை. தப்பு நடந்த வரியை இரண்டாக உடைத்து, எது வரை படித்தேன், எது பாக்கி என்று காட்டும். பழகினால் மிகத் தெளிவு. பழகும் வரை வேற்றுக்கிரக மொழி. கேள்விக்குறி போட்டுவிட்டு நம் பதிலுக்குக் காத்திருக்கும். ஸ்கிரிப்டுக்குள் ஓடவிட்டு எழுந்து போனால் திரும்பி வரும்போதும் அதே கேள்விக்குறியோடு உட்கார்ந்திருக்கும். பிழை வந்தால் நிறுத்து என்ற தெரிவைக் கட்டளையில் கொடுத்தே தீர வேண்டும். புதிதாக வருபவர்களை அதிகம் படுத்துவது, முன்பு சொன்ன அந்தச் சமக்குறி. ஒரு மாறியை 5-க்குச் சமம் என்று எழுதிவிட்டு, அடுத்த சுற்றில் 6-க்குச் சமம் என்றால், 5-உம் 6-உம் சமம் என்று நீங்கள் வாதிடுவதாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வரும். எக்ஸ், ஒய் பெயர்களை ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் அதுவே துடைத்துவிடும். மற்றவற்றை நாம்தான் புதிதாக அறிவிக்க வேண்டும்.

யாருக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பட்டை வரைபடம், வட்ட வரைபடம் என்றால் நுப்ளாட்டோ பைத்தான் நூலகமோ போதும். பெட்டியும் அம்புமாக உறவுகளைக் காட்ட வேண்டுமென்றால் கிராஃப்விஸ். பெயரும் படமும் மட்டும் மாறும் அட்டைகளுக்கு வார்ப்புருக் கருவி. தரவு மாறும்போது கோட்டின் இடமே மாற வேண்டும், அதுவும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் மாற வேண்டும் என்பவர்களுக்குத்தான் மெட்டாபோஸ்ட்: மீட்டர் டயல், லாகரிதம் ஸ்கேல், சூரியக் கடிகாரம், குடுவைகளின் அளவுக்கோடுகள். லாகரிதம் அதில் எம்லாக் என்ற பெயரில் இயல்மடக்கையை 256 மடங்காக்கித் தரும். பத்தின் அடிக்கு வேண்டுமென்றால் 10-இன் எம்லாக்கால் வகுத்துவிட்டால் அந்த 256 தானாகவே அடிபட்டுப் போகும்.

சமன்பாடு வேண்டாம், மிதவைப் புள்ளி எண்ணும் சிஎஸ்வி படிப்பும் முதலிலேயே இருந்தால் போதும் என்பவர்கள் ஆசிம்டோட்டைப் பார்க்கலாம். மெட்டாபோஸ்டிலிருந்து பிறந்ததுதான், மொழி சி பிளஸ் பிளஸ் சாயலில் இருக்கும், முப்பரிமாணமும் வரும், ஹாபியின் வளைவும் உள்ளே உண்டு. பிரஷர் கேஜ் மாதிரி பெரிய எண் வரும் வேலைகளை நான் அதில்தான் செய்கிறேன். தட்டின் அளவுகள் முரண்பட்டால் அது எதுவும் சொல்லாது என்பதால், கூட்டிச் சரிபார்க்க ஒரு வரியை நானே சேர்த்து வைத்திருக்கிறேன்.